நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி நீரை அளப்பது எப்படி

சம்ப்பில் (சுரங்கத்தின் தண்ணீர் வந்து சேரும் குழியில்) தண்ணீர் ஏறுகிறது என்று பம்பு ஆபரேட்டர் சொன்னால் இரண்டு கேள்வி எழும். எவ்வளவு ஏறுகிறது? எங்கிருந்து வருகிறது? முதல் கேள்விக்கு ஓட்டத்தை அளந்தால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குத் தண்ணீரின் தரத்தைப் பார்த்தாக வேண்டும். ஓட்டத்தைப் பம்புப் பிரிவு ஒரு நாளும், தரத்தைச் சுற்றுச்சூழல் பிரிவு வேறொரு நாளும் அளந்து வைத்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப எண்கள் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. எனவே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். கீழே வரும் வேலை முறை முழுக்க அதை வைத்துத்தான்.

தெலங்கானாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கோத்தகூடம், ராமகுண்டம், மந்தமர்ரி பக்கத்துச் சிங்கரேணி நிறுவனத்தின் நிலத்தடிச் சுரங்கங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். அங்கே நிலக்கரிப் படுகைகளுக்கு நடுவிலும் மேலேயும் தடித்த மணற்கல் அடுக்குகள் இருக்கின்றன. அவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை. அங்குள்ள கோண்டுவானா வகை நிலக்கரியில் கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சுரங்க நீர் பெரும்பாலும் அமிலமாக இருக்காது; கடினநீராக இருக்கும். அசாமின் மார்கரீட்டா, லேடோ பக்கம் போனால் கதை வேறு. அங்கே கந்தகம் அதிகம், தண்ணீர் புளிக்கும். நெய்வேலி அனுபவம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே தலைவலி, பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீர். இங்கே தண்ணீர் பெரும்பாலும் கூரையிலிருந்தும் பழைய வேலைப் பகுதிகளிலிருந்தும் (முன்பு நிலக்கரி எடுத்துவிட்டுக் கைவிட்ட இடங்கள்) இறங்குகிறது.

அளவிடும் இடங்கள்

சுரங்கம் தொடங்கும் முன்பே, குறைந்தது ஒரு முழு ஆண்டுக்கு, சுற்றிலும் உள்ள கிணறுகளையும் ஓடைகளையும் அளந்து வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பதிவில் இல்லையென்றால், பிற்பாடு "உங்களால்தான் கிணறு வற்றியது" என்று ஊரார் சொல்லும்போது ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஓடைக்கு மேல்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று. படிவுத் தொட்டிக்குள் நுழையும் இடம், அதிலிருந்து வெளியேறும் இடம். நிலத்துக்கு அடியில் ஒவ்வொரு சம்ப்பும், தண்ணீர் கொட்டும் ஒவ்வொரு முக்கிய இடமும். பழைய, மூடிய வேலைப் பகுதியின் தடுப்புச் சுவரில் உள்ள வடிகுழாய். ஊர்க் கிணறுகளில், சுரங்கத்துக்கு மேலே இருப்பவை சில. பாதிப்பே வராத தூரத்தில் ஒப்பீட்டுக்கு இரண்டு. அந்த இரண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் எல்லாக் கிணறும் இறங்கும். தூரத்துக் கிணறு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால்தான் மீதி இறக்கம் சுரங்கத்தின் கணக்கு என்று பிரிக்கலாம். இதோடு ஒரு மழைமானி. தினமும் காலை 8.30-க்கு எடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது, ஒப்பிட வசதி.

கிணற்று மட்டத்தை மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி ஆகிய நான்கு மாதங்களில் எடுப்பது வழக்கம். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இதே மாதங்களில் எடுக்கிறது. கூரையை விழவிட்டு நிலக்கரி எடுக்கும் பேனலில் (சுரங்கத்தின் ஒரு தனிப் பகுதி) வேலை ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மேலே இது போதாது. அங்கே வாரம் ஒருமுறை, அல்லது தானாகப் பதியும் லாகர்.

வி-நாட்ச்: எளிது, ஆனால் எளிதில் ஏமாற்றும்

சம்ப்புக்கு வரும் கால்வாயிலும் படிவுத் தொட்டியின் வெளிவாயிலும் 90 பாகை வி-நாட்ச் தகடு (தண்ணீர் வழிந்து ஓட V வடிவில் வெட்டிய தகடு) வைப்பதுதான் மலிவான, நம்பகமான வழி. நாட்ச்சின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை மீட்டரில் எடுத்து, அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1380-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 5 செ.மீ. உயரம் என்றால் சுமார் 0.8 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4. 15-க்கு 12. 20-க்கு கிட்டத்தட்ட 25. 30 செ.மீ. போனால் 68. இந்த எண்களைப் பெயின்ட்டால் தகட்டின் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் ஷிப்ட் ஆட்கள் கால்குலேட்டர் தேட வேண்டியதில்லை.

அந்த 2.5 அடுக்குதான் இதில் ஆபத்து. 10 செ.மீ. உயரத்தில் 5 மி.மீ. தவறாகப் படித்தால் உயரத்தில் 5 சதவீதப் பிழை, ஓட்டத்தில் 12 சதவீதத்துக்கு மேல். ஆகவே அளவுகோலை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். தகட்டின் மீதே ஒட்டிவிடக் கூடாது. அங்கே தண்ணீர் விழுவதற்காக ஏற்கெனவே வளைந்து இறங்கத் தொடங்கியிருக்கும், குறைவாகக் காட்டும். வரக்கூடிய அதிகபட்ச உயரத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி, மேல்புறத்தில் வையுங்கள். பூஜ்யத்தை நாட்ச்சின் அடிமுனை மட்டத்துக்கு ரசமட்டப் பலகை கொண்டு சரிபாருங்கள். தண்ணீர் அலையடித்தால், துளை போட்ட பிவிசி குழாயை அந்த இடத்தில் செங்குத்தாக நிறுத்தி உள்ளே மட்டத்தைப் படிக்கலாம்.

தகட்டின் விளிம்பு 1 முதல் 2 மி.மீ. தடிமனுக்குள், கீழ்ப்புறம் சாய்வாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் தகட்டைத் தொடாமல் வளைவாகப் பாய்ந்து விழ வேண்டும். தகட்டோடு ஒட்டி வழிந்தால் அந்த அளவு செல்லாது. உயரம் 5 செ.மீ.-க்குக் கீழே போகும்போது இப்படித்தான் ஆகும். அப்போது வாளியும் ஸ்டாப்வாட்ச்சும்தான் சரி. கீழ்ப்புற நீர்மட்டம் நாட்ச்சின் அடிமுனைக்குக் குறைந்தது 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் கீழ்க்கால்வாய் அடைத்து, பின்தேக்கம் ஏறி, நாட்ச் பாதி முழுகியிருக்கும்போது எடுத்த எண்ணையும் பதிவில் எழுதுவது சகஜமான தவறு.

நிலக்கரித் தூள் இன்னொரு தொல்லை. மேல்புறத்தில் தூள் படிந்து தளம் உயர்ந்தால் தண்ணீர் வேகத்தோடு நாட்ச்சை நெருங்கும். உயரம் குறைவாகத் தெரியும், ஓட்டத்தைக் குறைத்துக் கணக்கிடுவீர்கள். நாட்ச்சின் மூலையில் மரத்துண்டோ பிளாஸ்டிக் பையோ மாட்டினால் நேர்மாறு: தண்ணீர் தேங்கி ஏறும், ஓட்டம் கூடியதாகத் தெரியும். அளப்பதற்கு முன் கையால் நாட்ச்சைத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு படியுங்கள்.

பம்பு ஓடிய மணியும் ஓடையும்

பம்பின் பெயர்ப்பலகையில் எழுதிய கொள்ளளவை ஓடிய மணியால் பெருக்குவது பலருடைய பழக்கம். தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), கூடிய தலை உயரம் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்), குழாய்க்குள் படிந்த துரு எல்லாம் சேர்ந்து உண்மை ஓட்டத்தைப் பலகை எண்ணிலிருந்து வெகுவாகக் கீழே இழுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்ப்புக்கு வரும் நீரை நிறுத்தியோ அளந்தோ, பம்பை ஒரு மணி நேரம் ஓட்டி, சம்ப் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து உண்மைக் கொள்ளளவைத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய பம்புகளில் நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்றிருக்கும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. எந்தக் கேலன் என்று பார்க்காமல் மாற்றினால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே தவறும்.

வெளியிலிருந்து குழாயில் பிடிக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் நல்லதுதான். குழாய் விட்டத்தைப் போல மேல்புறம் பத்து மடங்கு, கீழ்ப்புறம் ஐந்து மடங்கு நேர்க்குழாய் வேண்டும். குழாய் நிறைந்து ஓட வேண்டும். உள்ளே துரு தடித்திருந்தால் சிக்னல் வராது, வந்தாலும் உள்விட்டம் குறைந்தது கணக்கில் சேராது.

ஓடையில், குறுக்குவெட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் கரன்ட் மீட்டர் (நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி) வையுங்கள். மீட்டர் இல்லாத நாளில் மிதவை விட்டு, வேகத்தை 0.85-ஆல் பெருக்கலாம். ஓடை சுரங்கத்துக்குள் கசிகிறதா என்று பார்க்க மேலும் கீழும் அளக்கும்போது அவசரப்படாதீர்கள். மேலே வினாடிக்கு 100 லிட்டர், கீழே 92 என்று வந்தால் 8 லிட்டர் காணாமல் போனது போலத் தோன்றும். ஒவ்வொரு அளவிலும் 5 சதவீதப் பிழை என்றால் வித்தியாசத்தின் பிழையே ஏறத்தாழ 7 லிட்டர். ஐந்தாறு முறை, மழை இல்லாத நாட்களில் அளந்து, ஒவ்வொரு முறையும் கீழே குறைந்தால்தான் அதைக் கசிவு என்று எழுத வேண்டும்.

கிணறும் பீசோமீட்டரும்

நீர்மட்ட நாடாவை எங்கே வைத்துப் படிக்கிறோம் என்பதை ஒவ்வொரு கிணற்றிலும் பெயின்ட்டால் அம்புக்குறியிட்டு, அந்தப் புள்ளி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று லெவல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்கு மேலே நிலமே தாழும் என்பதால் அந்த லெவலை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். நிலம் 40 செ.மீ. தாழ்ந்திருக்கும்போது பழைய லெவலை வைத்துக் கணக்கிட்டால், நீர்மட்டம் 40 செ.மீ. உயரமாக இருப்பதாகத் தவறான எண் வரும்.

ஒரே துளையில் எல்லா அடுக்கையும் திறந்துவிட்ட பீசோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டத்தை அளக்க இறக்கும் குழாய்) எதையும் சொல்லாது. மேலடுக்கு நீர் கீழடுக்குக்கு இறங்க அதுவே வழியாகிவிடும். ஒவ்வொரு மணற்கல் அடுக்குக்கும் தனித் துளை, குழாயில் நீர் நுழையத் துளையிட்ட பகுதிக்கு மேலே ஒரு மீட்டராவது பென்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) அடைப்பு, அதற்கு மேல் சிமென்ட். லாகர் போட்டால், வெளிக்காற்றோடு தொடர்பில்லாத வகை காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் என்பதை மறக்க வேண்டாம். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் நீர் சுமார் 1 செ.மீ. மாறியதாகக் காட்டும். புயல் நேரத்தில் கிணறு 20 செ.மீ. இறங்கியது போலத் தெரிவது இதனால்தான்.

மாதிரி எடுப்பது

பீசோமீட்டர்க் குழாய்க்குள் நின்றுபோன தண்ணீர் நிலத்தடி நீர் இல்லை. முதலில் அதை இறைத்துக் கொட்ட வேண்டும். 50 மி.மீ. உள்விட்டக் குழாயில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் நீர்த்தூண் என்றால் 39 லிட்டர். மூன்று மடங்கு, சுமார் 120 லிட்டர் இறைத்த பிறகு, மின்கடத்துதிறன் மூன்று தொடர் அளவுகளில் 3 சதவீதத்துக்குள்ளும் பிஎச் 0.1-க்குள்ளும் நின்றால் பாட்டிலை நீட்டலாம்.

சம்ப்பு நீரை, பம்பு தொடங்கிய உடனே பிடிக்காதீர்கள். அடியில் படிந்த சேறு முதலில் வரும். அரை மணி ஓடிய பிறகு பிடியுங்கள். தொங்கு திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு படிவுத் தொட்டியின் வெளிவாயிலுக்கு உரியது, சம்ப்புக்கு அல்ல. நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000 செப்டம்பரில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி பிஎச் 5.5 முதல் 9.0, எண்ணெய் 10 மி.கி., சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) 250 மி.கி., நைட்ரேட் நைட்ரஜன் 10 மி.கி. என்பவை மற்ற வரம்புகள்.

மாதிரி கெடுவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான். நிலத்துக்கு அடியில் தண்ணீர் கார்பன் டைஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். மேலே வந்ததும் அது வெளியேறும், பிஎச் ஏறும். கரைந்திருந்த இரும்பு காற்றைத் தொட்டு ஆரஞ்சுத் தூளாக அடியில் விழும். மறுநாள் ஆய்வகத்தில் தெளிந்த மேல்நீரைச் சோதித்தால் இரும்பு இல்லை, பிஎச் அருமை என்று அறிக்கை வரும். பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் நான்கையும் அந்த இடத்திலேயே அளந்துவிடுங்கள். காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) அங்கேயே டைட்ரேட் செய்வது (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) நல்லது: 100 மி.லி. மாதிரிக்கு 0.02 நார்மல் கந்தக அமிலம் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 10 மி.கி. காரத்தன்மைக்குச் சமம்.

உலோகங்களுக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டு, பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்குங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அமிலத்தை முதலில் விட்டால் மிதக்கும் தூளிலிருந்த இரும்பும் கரைந்து, கரைந்த இரும்பாகவே கணக்கில் ஏறிவிடும். எண்ணெய்க்குத் தனிக் கண்ணாடிப் பாட்டில். மாதிரி நீரில் அலசவும் கூடாது, வேறு பாட்டிலிலிருந்து ஊற்றவும் கூடாது, ஏனென்றால் எண்ணெய் முதல் பாட்டிலின் சுவரிலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் 4 பாகையில் அனுப்புங்கள். பத்தில் ஒன்றை இரட்டை மாதிரியாக, வேறு பெயரிட்டு அனுப்பினால் ஆய்வகமும் விழிப்பாக இருக்கும்.

ஆய்வகத் தாள் வந்ததும் நேர்மின் அயனிகளையும் எதிர்மின் அயனிகளையும் மில்லிஈக்விவலென்ட்டில் (மின்னூட்டத்தை வைத்துக் கணக்கிடும் அலகு) கூட்டிப் பாருங்கள்; இரண்டும் சமமாக வர வேண்டும். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் எதையோ விட்டிருக்கிறார்கள் அல்லது தவறாக அளந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: மீத்தேன் உள்ள சுரங்கத்துக்குள் சாதாரண பிஎச் மீட்டரையோ கைபேசியையோ கொண்டுபோகக் கூடாது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற, தீப்பொறி எழாத கருவி இல்லையென்றால், பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, மேலே வந்த கையோடு அளவெடுங்கள்.

பிஎச் 7-க்கு அருகில் இருக்கிறதே என்று நிம்மதியடைவதும் தவறு. உதாரணத்துக்கு, பிஎச் 6.3, கரைந்த இரும்பு 60 மி.கி., காரத்தன்மை 80 மி.கி. உள்ள நீர். இரும்பு முழுக்கத் துருவாக மாறும்போது வெளிவிடும் அமிலம் 107 மி.கி. காரத்தன்மைக்குச் சமம் (60-ஐ 56-ஆல் வகுத்து, 2-ஆலும் 50-ஆலும் பெருக்கினால் வரும்). இருப்பு 80 மட்டுமே. சம்ப்பில் நன்றாக இருந்த தண்ணீர் தொட்டியில் இரண்டு நாள் நின்றதும் புளித்துவிடும். கோதாவரிப் பக்கம் இது அபூர்வம். மார்கரீட்டா பக்கம் அன்றாடம்.

ஊருக்குக் குடிநீராக விடும் இடங்களில் மொத்தக் கடினத்தன்மை, சல்பேட், புளோரைடு, கோலிபார்ம் நான்கும் கட்டாயம். குடிநீர்த் தர நிர்ணயத்தில் சல்பேட்டுக்கு 200 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 400. சல்பேட்டால் வரும் கடினத்தன்மை கொதிக்கவைத்தாலும் போகாது.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பது

மூன்று மூலங்களின் நீரையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு அல்லது ஓடை, கூரை மணற்கல், பழைய வேலைப் பகுதி. ஆற்று நீரில் உப்பு குறைவு, வெப்பநிலை பருவத்தோடு மாறும். மணற்கல் நீரில் பைகார்பனேட் ஓங்கியிருக்கும், வெப்பநிலை அசையாது. பழைய பகுதியில் வருடக்கணக்கில் கிடந்த நீரில் சல்பேட்டும் மின்கடத்துதிறனும் கூடுதல், ஆக்சிஜன் இராது, சில சமயம் அழுகிய முட்டை வாடை.

கலவைக் கணக்குக்கு எதனோடும் வினைபுரியாத குளோரைடு நல்லது. ஆற்றில் 20 மி.கி., பழைய பகுதியில் 90, சம்ப்பில் 48 என்றால், 28-ஐ 70-ஆல் வகுக்க 0.4. சம்ப்பு நீரில் 40 சதவீதம் பழைய பகுதியிலிருந்து. உடனே மின்கடத்துதிறனை வைத்துச் சரிபாருங்கள்: ஆறு 350, பழைய பகுதி 1600 மைக்ரோசீமன்ஸ் என்றால் சம்ப்பில் 850 பக்கம் வர வேண்டும். 1100 வந்தால் மூன்றாவது ஒரு மூலம் இருக்கிறது.

இதோடு நீர்க்கணக்கு. சிங்கரேணி போல மணல் நிரப்பும் முறை இருந்த சுரங்கங்களில் இதைத் தவறவிட்டால் எல்லாம் தவறும். மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே கீழே அனுப்புகிறோம். ஒரு கன மீட்டர் மணலுக்கு ஒரு கன மீட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் போகிறது. அதில் பெரும்பகுதி வடிந்து சம்ப்புக்கே திரும்பும். அதை ஊற்றுநீர் என்று எண்ணிவிடக் கூடாது. துளையிடவும் தூசி அடக்கவும் விடும் நீரும் கழிய வேண்டும். மறுபக்கம், காற்றோட்டம் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. வினாடிக்கு 100 கன மீட்டர் காற்று, ஒவ்வொரு கன மீட்டரும் 10 கிராம் ஈரத்தைக் கூடுதலாக எடுத்துப் போனால் வினாடிக்கு ஒரு லிட்டர், நாளொன்றுக்கு 86 கன மீட்டர். குளிர்காலத்தில் இது கூடும்.

அப்படியானால், பம்பு வெளியேற்றியது 3000 கன மீட்டர், காற்று 86, மணல் நிரப்பலிலிருந்து திரும்பியது 900, மற்றச் சேவை நீர் 150 என்றால், இயற்கையாக ஊறியது ஏறத்தாழ 2036. மழை வரைபடத்துக்குக் கீழே தினம் தினம் வரைய வேண்டியது இந்த எண்ணைத்தான். மழைக்குச் சில நாளில் ஏறினால் மேற்பரப்பு விரிசல் வழி இருக்கிறது. அடுத்த மழைக்குள் களிமண் திணித்து மூட வேண்டும். வாரக்கணக்கில் தாமதித்து ஏறினால் மணற்கல் வழி.

மழையே இல்லாமல், மெல்ல மெல்ல, மின்கடத்துதிறனும் சல்பேட்டும் சேர்ந்து ஏறினால் அன்றே வேலையை நிறுத்தி வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நீர் நிறைந்த பழைய பகுதி இருக்கிறது என்று அர்த்தம். 1975 டிசம்பர் 27-ல் தன்பாத் அருகே சாஸ்நாலாவில், நீர் நிறைந்திருந்த பழைய பகுதி உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 370-க்கும் அதிகமான தொழிலாளர்கள் இறந்தார்கள். அத்தகைய பகுதிக்கு 60 மீட்டருக்குள் நெருங்கினால் முன் அனுமதி இல்லாமல் மேலே போகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 60 மீட்டரைப் பழைய வரைபடத்திலிருந்துதான் அளக்கிறோம், பழைய வரைபடங்கள் பொய் சொல்லும். தண்ணீரின் சல்பேட் அளவு வரைபடத்தைப் பார்த்து மாறுவதில்லை.

மூடிய பிறகு

பம்பை நிறுத்தியதும் சுரங்கம் நிரம்பத் தொடங்கும். காய்ந்து ஆக்சிஜன் பட்டுக் கிடந்த உப்புகளை ஏறும் நீர் முதல் சுற்றில் கரைத்துக் கொண்டுவரும். இரும்பும் சல்பேட்டும் உச்சத்தில் நிற்பது அப்போதுதான். இந்தக் கட்டத்தில் செறிவை மட்டும் எழுதாமல் சுமையையும் எழுதுங்கள். மி.கி. அளவை வினாடி லிட்டரால் பெருக்கி, 0.0864-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று வரும். 5 மி.கி. இரும்பு, 20 லிட்டர் ஓட்டம் என்றால் நாளுக்கு 8.6 கிலோ இரும்பு ஓடைக்குப் போகிறது.

நீர்மட்டம் ஏறுவதை அளக்க ஓர் இடம் வேண்டும். ஷாஃப்ட்டை (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்து வழி) மூடி கான்கிரீட் போடுவதற்கு முன்பே, மிக ஆழமான பகுதியோடு தொடர்புள்ள ஒரு போர்ஹோலிலோ ஷாஃப்ட் மூடியிலோ, நாடா இறங்கும் அளவுக்கு 100 மி.மீ. உறைக்குழாய் விட்டு, பூட்டு மூடி போட்டு, அதன் லெவலை எடுத்து வையுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு புதிதாகத் துளையிட்டு, பழைய கேலரியை (நிலத்தடிப் பாதை) சரியாகத் தொடுவது பெரும்பாடு.